நம் தெருவில் நீளம் தாண்டுதல்

மதிப்பும் அன்பும் ஒருசேர நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவனும் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். தாங்களும், தங்கள் மனைவியும், பிள்ளைகளும், தாங்கள் புதிதாக வாங்கியிருக்கும் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள், தங்கள் என்று இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. எங்கள் கல்யாணத்தன்று என் தோளில் ஏறி உட்கார்ந்து, போட்டோ எடுக்கும்போதெல்லாம் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவன் நீ. அப்போது எனக்கு முடி இருந்தது. ஆகவே இனிமேல் நீ என்றே எழுதுகிறேன். மரியாதையை மனதில் வைத்திருக்கிறேன், அது எங்கேயும் போகாது.

மச்சான், ரோடு போட்டாயிற்று. இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நீ நிதானமாகப் படிக்கலாம். எனக்குத்தான் நிதானம் வரவில்லை, எழுதும்போதே பேனா துள்ளுகிறது. போன தடவை போனில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அத்தான், உங்க கதையெல்லாம் வேணாம். இந்த மாசக் கடைசிக்குள்ள ரோடு போட்டுட்டா ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க, நம்புறேன். இல்லைன்னா கார் எடுத்துட்டு வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். முதுகு சரியாகுற வரைக்கும் அவ இங்கதான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. முதுகில் ஆபரேஷன் ஆனவளைக் குலுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். முதுகுக்குப் பயிற்சி கொடுக்கும் இடமோ பெரிய சாலையில் இருக்கிறது. வீட்டு வாசலுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில், பேக்கரிக்கு எதிரே, அந்தப் பள்ளம் இருந்தது. ஆட்டோ எவ்வளவு மெதுவாகப் போனாலும் அதில் ஒரு சக்கரம் இறங்கித்தான் ஏறும். இறங்கும்போது உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் போடமாட்டாள், பல்லைக் கடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். கையில் நகம் பதிந்த இடத்தை வைத்தே எனக்கு வலியின் அளவு தெரியும். கடைசியில் ஒருநாள், "போதுங்க, இனிமே நான் போகலை" என்று சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் உன் போன் வந்தது. அவள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவளைப் பிரிந்து என்னால் இருக்க முடியாது, மச்சான். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கும் என்பதால் கடிதத்தில் சொல்லிவிட்டேன்.

உன் போன் வந்த அன்றே களத்தில் இறங்கினேன். மாநகராட்சிக்குப் புகார் சொல்ல போனிலேயே ஒரு வசதி இருக்கிறது. பள்ளத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது என்று நான் குதித்த குதியில் உன் அக்கா ஜன்னலோரத்திலிருந்தே பயந்துவிட்டாள். பதிலைப் படித்தால், "படத்தில் பள்ளம் தெரியவில்லை, வானம் தெரிகிறது" என்று இருந்தது. முந்தின நாள் பெய்த மழைத் தண்ணீர் பள்ளத்தில் நிறைந்து, மேகமெல்லாம் அதில் அழகாக விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சரி என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, ஆழம் தெரியட்டும் என்று நானே உள்ளே இறங்கி நின்று, பேக்கரிக்காரரைப் படம் பிடிக்கச் சொன்னேன். அவர் என் முகம் நன்றாக விழ வேண்டும் என்ற அக்கறையில் இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்துவிட்டார். "படத்தில் ஒரு நபர் நிற்கிறார், நபர்கள் குறித்த புகாரைக் காவல் துறைக்கு அனுப்பவும்" என்று பதில் வந்தது. மூன்றாவது படம் சரியாக அமைந்தது. அதற்கு, "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, மகிழ்ச்சியா?" என்று கேட்டுச் சிரிக்கிற முகம் ஒன்றும் அழுகிற முகம் ஒன்றும் அனுப்பினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன், பள்ளம் அப்படியேதான் இருந்தது. அழுகிற முகத்தை அழுத்தினேன். "தங்கள் மகிழ்ச்சிக்கு நன்றி" என்று வந்தது.

விடுவேனா? நேரே அலுவலகத்துக்குப் போய், எந்தப் பொறியாளர் நம் தெருவுக்கு என்று கேட்டுப் பிடித்து, அவர் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்கார்ந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இளம் வயசுக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றினால் முகத்தில் பாதித் தூக்கம் தெரியும், ஆனால் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வழியில், "தம்பி, உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே, நம்ம ஸ்கூல்தானே?" என்று ஒரு பிட்டைப் போட்டுப் பார்த்தேன். "இல்ல சார், நான் வேற ஊர்ல படிச்சேன்" என்று சொல்லிவிட்டார். வந்து இறங்கியதும் பையிலிருந்து ஓர் இரும்புக் கோலை எடுத்துப் பள்ளத்துக்குள் விட்டார், குனிந்து பார்த்தார், மறுபடி விட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஆழம் பத்தலையே சார்."

"எதுக்குப் பத்தலை?"

"பள்ளம்னு எழுதறதுக்கு. இந்தக் கோடு வரைக்கும் உள்ள போகணும். இது ஒரு விரற்கடை குறையுது. அப்படின்னா இது பள்ளம் இல்ல சார், தேய்மானம்."

"தேய்மானத்தை யார் சரி பண்ணுவாங்க?"

"அதுக்குத் தனித் திட்டம் இருக்கு சார். இன்னும் ஆள் போடலை."

ஒரு விரற்கடை. அந்த ஒரு விரற்கடைக்காக உன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயே, மச்சான். பொறியாளர் போகும்போது, "நான் அடுத்த வாரம் மறுபடி இந்தப் பக்கம் வருவேன் சார். அதுக்குள்ள அதுவே கொஞ்சம் ஆழமாயிட்டா எழுதிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவே ஆழமாயிட்டா என்றுதான் அந்த மனிதர் சொன்னார். நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். தெருக்காரர்களைக் கூட்டிப் பேசினேன். எதிர்வீட்டு வக்கீலம்மா, "சார், இது சட்டப்படி தப்பு" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கடப்பாரை எடுத்துவந்து கொடுத்தார். பேக்கரிக்காரர் மண்வெட்டிக்கு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்து வேலையைத் தொடங்கினேன்.

இங்கேதான், மச்சான், என் தொழில் என்னைக் காட்டிக்கொடுத்தது. வாழ்நாள் முழுக்க நான் மைதானத்தில் தோண்டியது ஒரே ஒரு குழிதான், நீளம் தாண்டுகிறவர்கள் வந்து விழுகிற மணல் குழி. வருஷா வருஷம் அதே குழி, அதே அளவு. கையில் மண்வெட்டி வந்ததும் புத்தி எங்கேயோ போய்விட்டது, கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. ஒரு விரற்கடை தோண்டினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஓரம் கோணலாக இருந்தால் எனக்குத் தாங்காது. கயிறு கட்டி ஓரத்தை நேராக்கினேன். ஒரு பக்கம் நேரானதும் மறுபக்கம் உறுத்தியது, அதையும் நேராக்கினேன். நாலு மூலையும் சதுரமாக வந்தபின் அடி மேடுபள்ளமாகத் தெரிந்தது, அதைச் சமப்படுத்தினேன். பேக்கரிக்காரர் உற்சாகமாகி, மாவு சலிக்கிற சல்லடையைக் கொண்டுவந்து மண்ணைச் சலித்துக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். கடைசியில் குழிக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வெள்ளைக் கோடும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். முழங்கால் ஆழத்துக்கு, ஒரு கட்டில் நீளத்துக்கு, என் வாழ்நாளில் வெட்டிய குழிகளிலேயே அதுதான் அழகானது. தெருப் பிள்ளைகள் தூக்கம் கலைந்து வந்து வரிசையில் நின்று ஓடிவந்து தாண்ட ஆரம்பித்துவிட்டார்கள். வக்கீலம்மாவின் பெண் தாண்டிய தாண்டலைப் பார்த்தால் நீயே கைதட்டியிருப்பாய், அந்தப் பெண்ணுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

உன் அக்கா மட்டும் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். "என்னங்க, பள்ளம்னா கோணலா, அசிங்கமா இருக்கணும்ங்க. இது அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு." நான் காதில் வாங்கவில்லை. அவள் சொன்னதை அப்போதே கேட்டிருந்தால் இந்தக் கடிதம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

பொறியாளர் வந்தார். கோலை எடுக்கவே இல்லை. குழியைச் சுற்றி ஒரு சுற்று வந்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யார் சார் வெட்டினது?"

"அதுவா ஆழமாயிடுச்சு தம்பி."

"நாலு மூலையுமா?"

ரோடு தானாகக் கெட்டால்தான் பள்ளம், மனுஷன் வெட்டினால் அது வெட்டுக்குழி என்று அவர் விளக்கினார். வெட்டுக்குழி அவர் பிரிவில் வராதாம். குழாய் போடுகிறவர்களும் கேபிள் போடுகிறவர்களும் அனுமதி வாங்கி வெட்டி, அவர்களே மூட வேண்டுமாம். இதற்கு அனுமதி எண் ஏது என்று கேட்டார். மறுநாள் விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், சாலையைச் சேதப்படுத்திய அடையாளம் தெரியாத நபர் உடனடியாக விளக்கம் தர வேண்டும் என்று. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு ஓடவும் தாண்டவும் சொல்லிக்கொடுத்த நான் அடையாளம் தெரியாத நபராகிவிட்டேன். யாரும் விழுந்துவிடக்கூடாதே என்று குழி ஓரத்தில் ஓர் உடைந்த நாற்காலியை வைத்து அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். நோட்டீஸ் ஒட்ட வந்தவர்கள், சாலை ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் வேறு வழியில்லாமல் நானும் வக்கீலம்மாவும் முறைபோட்டுக் குழிக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்றுகொண்டு, வருகிற வண்டிகளை ஒதுங்கிப் போகச் சொன்னோம். மாசக் கடைசியோ நெருங்கிக்கொண்டே வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. ஒருநாள் பார்க்கிறேன், தன் துணிமணியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கு இப்ப அதெல்லாம்?" என்று கேட்டேன்.

"தம்பி வந்து நிக்கும்போது தேடிட்டு இருக்க முடியுமா?" என்றாள்.

உடனே தெருவுக்கு ஓடினேன். குழியைப் பள்ளமாக்கிவிட வேண்டும், அதுதான் ஒரே வழி என்று முடிவெடுத்தேன். ஓரங்களைக் கடப்பாரையால் குத்திச் சிதைத்தோம். நான் நேராக்கிய மூலையை நானே கோணலாக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேக்கரிக்காரர் கல்லையும் சாம்பலையும் கொண்டுவந்து கொட்டினார். லோடு வண்டிக்காரர் ஒருத்தர் நம் தெருவில் குடியிருக்கிறார், அவர் தன் வண்டியை ஓரத்தில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, தார் விளிம்பைப் பொடிப்பொடியாக்கினார். வேலை முடிந்து பார்த்தால், அடடா, உலகத்தில் அதைவிடக் கேவலமான பள்ளம் இருக்க முடியாது. படம் பிடிக்கலாம் என்று நான் போனை எடுத்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பள்ளம் நிறைந்தது. மறுபடி வானம்தான் தெரிந்தது.

இனி நடந்ததுதான் முக்கியம், உட்கார்ந்து படி. மறுநாள் காலையில் குடையோடு நின்றது நான்தான். அடுத்த தெருவில் ரோடு போட உத்தரவு ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. அந்தத் தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போகச் சோம்பல்பட்டு, ரோடு ரோலர் நம் தெரு வழியாக வந்தது. அதன் பின்னாலேயே ஆவி பறக்கத் தார்க் கலவை ஏற்றிய லாரி. நான் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே ஓடினேன். என்ஜின் சத்தத்தில் ரோலர் ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை, நான் வரவேற்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையாட்டினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது கொஞ்சம் தேங்கிய தண்ணீர்தான். முன் உருளை அதில் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, தண்ணீர் இரண்டு பக்கமும் பேக்கரிக் கண்ணாடி வரை தெறித்தது, ரோலர் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டுநருக்கு அடி எதுவும் இல்லை, கையாட்டின கை மட்டும் அப்படியே மேலே இருந்தது.

வேலைக்காரர்களை நடத்துகிற மேஸ்திரி லாரியிலிருந்து குதித்து இறங்கி வந்தார். தலையில் துண்டு, வாயில் குச்சி, நடக்கும்போதே திட்டிக்கொண்டு நடக்கிற ஆள். ரோலர் பின்னாலும் வரவில்லை, முன்னாலும் போகவில்லை, சக்கரம் சேற்றில் சும்மா சுற்றியது. லாரி ரோலரைத் தாண்டிப் போக இடமில்லை. பின்னால் எடுக்கலாம் என்றால் அதற்குள் ஆட்டோக்களும் தண்ணீர் வண்டியும் தெருமுனை வரை நின்றுவிட்டன. மேஸ்திரி லாரியில் ஏறிக் கலவைக்குள் ஒரு கம்பியை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது ஆறிடுச்சுன்னா கல்லு. அப்புறம் இந்த லாரியை வச்சு நான் வீடுதான் கட்டணும்" என்று கத்தினார்.

எனக்கு உடம்பில் பழைய ரத்தம் ஏறிவிட்டது. லோடு வண்டிக்காரரிடமிருந்து கயிறு வாங்கி ரோலரின் பின்பக்கம் கட்டி, தெருவில் இருந்த அத்தனை பேரையும் இரண்டு வரிசையில் நிறுத்தினேன். கயிறு இழுக்கும் போட்டி நான் எத்தனை நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியாத வித்தையா? குதிகாலை ஊன்றுங்கள், உடம்பைப் பின்னால் சாயுங்கள், நான் சொல்லும்போது எல்லோரும் ஒரே மூச்சில் என்றேன். இழுத்தார்கள். ரோலர் அசையவில்லை. இன்னொரு தடவை என்றேன். கயிறுதான் அறுந்தது. வக்கீலம்மா, பேக்கரிக்காரர், தண்ணீர் வண்டிக்காரர், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராய் வரிசை கலையாமல் மல்லாந்து விழுந்தார்கள். மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சார், சக்கரத்துக்கு அடியில குடுக்க ஒரு கெட்டியான பலகை இருந்தாக் கொண்டாங்க. ஆள் பலமெல்லாம் வேணாம்" என்றார்.

தெரு முழுக்கப் பலகை தேடினோம். பேக்கரி மேஜைப் பலகை மெல்லிசு, வக்கீலம்மா வீட்டு அலமாரி ஒட்டுப்பலகை, ரோலர் ஏறினால் தூள்தான். அப்போது நம் வீட்டு வாசலிலிருந்து உன் அக்காவின் குரல் வந்தது. கம்பு ஊன்றிக்கொண்டு வாசல் வரை நடந்து வந்து நிற்கிறாள். "என்னங்க, என் கட்டில் பலகையை எடுத்துட்டுப் போங்க." முதுகுக்கு மெத்தை ஆகாது என்று டாக்டர் சொல்லித் தச்சரை வைத்துச் செய்த பலகை, உனக்குத் தெரியுமே, நீதான் மரம் பார்த்து வாங்கி அனுப்பினாய். "அது உனக்கு வேணுமே" என்றேன். "படுக்கிறது அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அந்த வண்டியை வெளியே எடுங்க" என்றாள். நானும் லோடு வண்டிக்காரரும் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கி வந்தோம். மேஸ்திரி அதைத் தட்டிப் பார்த்து, "இது பலகை" என்றார், அந்த ஆள் வாயிலிருந்து அன்றைக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார்கள், என்ஜின் உறுமியது, புகை வந்தது, பலகை கிரீச்சென்றது, ரோலர் மெதுவாக, மெதுவாகப் பின்னால் ஏறி ரோட்டுக்கு வந்து நின்றது. பலகை நடுவில் இரண்டாக முறிந்து கிடந்தது. தெருவே கைதட்டியது. நான் கைதட்டவில்லை, முறிந்த பலகையையும் கம்பு ஊன்றி நின்றவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் பொறியாளர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். "சீக்கிரம் எடுங்க, அடுத்த தெருவுல எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்றார். மேஸ்திரி மறுபடி கலவையில் கம்பியை விட்டுப் பார்த்தார். அங்கே போய், மண்ணைக் கூட்டி, அடியில் தார் தெளித்து, அதன்பின் கொட்டுவதற்குள் கலவை ஆறிவிடும் என்றார்.

"இந்தக் கலவை அடுத்த தெருவுக்கு வந்தது, மேஸ்திரி. இந்தத் தெருவுக்கு உத்தரவே இல்ல."

"அப்ப உங்க ஆபீஸ் மாடியில கொட்டட்டுமா?"

பொறியாளர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. இன்னொருவருக்குப் போட்டார், அவரும் எடுக்கவில்லை. கலவையிலிருந்து ஆவி குறைந்துகொண்டே வந்தது. உன் அக்காதான் கம்பைத் தட்டித் தட்டி அவர் பக்கத்தில் போய் நின்று, சமையலறையில் பேசுகிற குரலில், "தம்பி, சூடு ஆறுதே" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. முதுகைப் பற்றியோ, ஆபரேஷனைப் பற்றியோ, உன்னைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அவர் அவளைப் பார்த்தார், கம்பைப் பார்த்தார், முறிந்து கிடந்த பலகையைப் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கொட்டுங்க மேஸ்திரி. அவசர வேலைன்னு நான் எழுதிக்கறேன். அந்தத் தெருவுக்கு நாளைக்கு லாரி வரும்" என்றார்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? தண்ணீரை இறைத்தோம், ஜல்லியை நிரப்பினோம், கலவை விழுந்தது, பரப்பினார்கள், ரோலர் போனது, வந்தது, போனது. ஒரு லாரிக் கலவை நம் வாசலிலிருந்து பெரிய சாலை வரை, அளந்து வைத்த மாதிரி போதுமானதாக இருந்தது. ஓரத்துக்கு நூல் பிடிக்கிற வேலையை மேஸ்திரி என்னிடம் கொடுத்தார். "சார் கோடு நேரா போடறாரு" என்று சொன்னார், மச்சான், அந்தப் பொறியாளர் காதுபடச் சொன்னார். பொறியாளர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு, போகும்போது விளக்குக் கம்பத்திலிருந்த நோட்டீஸைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் தெருவே வீட்டுக்குள் போகவில்லை. பேக்கரிக்காரர் ரொட்டி கொடுத்தார், பிள்ளைகள் வெறுங்காலில் நடந்து பார்த்துச் சூடு தாங்காமல் குதித்தார்கள், நானும் குதித்தேன்.

நேற்றுக் காலையில் உன் அக்காவை ஆட்டோவில் உட்கார வைத்துப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேக்கரி வந்ததும் பழக்கத்தில் என் கையைப் பிடித்தாள். ஆட்டோ வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தாண்டிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை, "இன்னும் வரலையாங்க?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொன்னேன். ரோட்டில் தூசியே இல்லை. பயிற்சி முடிந்து திரும்பியபின் அவளாகவே வாசலில் கொஞ்ச தூரம் நடந்தாள். தச்சர் புதுப்பலகை அடித்துக் கொடுத்துவிட்டார். டாக்டரிடம் போனில் கேட்டேன், இப்படியே போனால் சீக்கிரம் கம்பைக் கீழே போட்டுவிடலாம் என்றார். ஆகவே, மச்சான், நீ சொன்ன கெடுவுக்குள் ரோடு போட்டு, நீ கேட்டபடி கடிதமும் எழுதிவிட்டேன். இனி நீ கார் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அதாவது வா, தாராளமாக வா, வந்து நாலு நாள் இருந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போ, ஆனால் போகும்போது வந்த மாதிரியே போ. உன் அக்கா இந்த வீட்டிலேயே, என் கண் முன்னாலேயே, சௌகரியமாக இருக்கிறாள், இருப்பாள். இந்தப் பேச்சு இதோடு முடிந்தது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளைத் தினமும் கொஞ்ச நேரம் ஓடச் சொல், ஓடும்போது வாயால் மூச்சு விட வேண்டாம் என்று சொல். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிமிர்ந்த முதுகோடும் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பினால் வாசலில் ஆட்டோ நிற்கிறது. உள்ளே உன் அக்கா, பக்கத்தில் பெட்டி, கூடத் துணைக்கு வக்கீலம்மா. "எங்க போற?" என்று கேட்டேன். "தம்பி வீட்டுக்கு. அவனைப் பார்த்து எத்தனை நாளாச்சு. ரோடுதான் நல்லாயிடுச்சே, டாக்டரும் போலாம்னுட்டாரு" என்று சொன்னாள். "எப்ப வருவ?" என்றேன். "போய்ட்டுதானே வரணும்" என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. மச்சான், ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை, பெரிய சாலை வரை ஒரே ஓட்டம், நின்று கையாட்டக்கூட நேரம் கிடைக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் உன் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆகையால் இதை அவளிடம் காட்டாதே. நல்லபடியாக வந்து சேர்ந்தாளா என்பதை முதல் வேலையாக எழுது. எப்போது கிளம்புகிறாள் என்பதை அதற்கு முன்னால் எழுது.